மெலிந்துபோன பேர்ஸ்

மாக்கஸ் சாப்பாட்டு மேசையை விட்டு எழும்பிப்போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு யேசுரட்ணத்தின் வீட்டில் யாரும் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் வேரோனிக்காவுக்குச் சரியாகப் படவில்லை.

மாக்கஸ் அவளுடைய கணவன் யேசுரட்ணத்தின் தம்பி. இலையுதிர்காலத்தில் மொன்றியலிலிருந்து ஒரு பையுடன் வந்தவன், ஹோல் சோபாவிலேயே தங்கிவிட்டான். அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு எடுபடவில்லை. பகலெல்லாம் ரிவிக்கு முன்னால் இருந்தவனைப் பார்த்துப் பார்த்து, அந்த ஞாயிற்றுக்கிழமை வேரோனிக்கா அவன் காதுபடவே சொல்லிவிட்டாள்: "ஈஸ்ரருக்குள்ளை ஒரு வேலை, ஒரு இடம் பாக்கட்டும். சும்மா குந்திக்கொண்டு இருக்கிறதுக்கும் ஒரு அளவிருக்கு."

மாக்கஸ் கையைக் கழுவிக்கொண்டு பல்கனிக்குப் போனான். யேசுரட்ணம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அடுத்த நாள் விடிய இருட்டிலேயே மாக்கஸ் வெளிக்கிட்டான். பேக்கரியில் வேலை கிடைத்துவிட்டது என்றான். அண்ணனும் தம்பியும் ஒரே லிஃப்றில் இறங்கிப் போனார்கள். அன்றிலிருந்து வீடு அமைதியாக இருந்தது. எதையோ மூடி வைத்த அமைதி.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. தவக்காலம் தொடங்கியிருந்தது. வெளியே மழையா பனியா என்று தீர்மானிக்க முடியாத ஒன்று பெய்துகொண்டிருந்தது. மாக்கஸ் விடியவே வேலைக்குப் போய்விட்டான்; யேசுரட்ணம் குளித்துக்கொண்டிருந்தார். தோய்க்கப் போடுவதற்காக அவருடைய காற்சட்டையை எடுத்த வேரோனிக்கா, வழக்கம்போலப் பின் பொக்கற்றைத் தடவினாள்.

ஒன்றுமில்லை.

முன் பொக்கற்றில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். கறுப்புத் தோல். பிஸ்கற் அளவு தடிப்புக்கூட இல்லை. புதுத் தோலின் மணம் இன்னும் போகவில்லை.

யேசுரட்ணத்தின் பேர்ஸை அந்தக் கட்டிடத்தில் தெரியாதவர்கள் இல்லை. கனடா வந்த நாளிலிருந்து ஒரே பேர்ஸ். றப்பர் பாண்ட் போட்டால்தான் மூடும். அதற்குள் அந்தோனியார் படம், கலியாணப் படம், லோயரின் காட், வீடு விற்கிறவர்களின் காட்டுகள், மை அழிந்துபோன பற்றுச்சீட்டுகள், எந்தக் கதவுக்கு என்று அவருக்கே மறந்துபோன ஒரு திறப்பு. கதிரையில் இருந்தால் ஒரு பக்கம் சரிந்துதான் இருப்பார். "அப்பா ஒரு பாண் துண்டுக்கு மேலை இருக்கிறார்" என்று மகள் ஷாமிலா பகிடி பண்ணுவாள். எவ்வளவு சொல்லியும் அதிலிருந்து ஒரு கடதாசியைக்கூட எடுத்து எறியாத மனிதர்.

வேரோனிக்கா புதியதைத் திறந்தாள். சிவப்பு வெள்ளை ஹெல்த் காட். பாங்க் காட். சின்ன மடிப்புக்குள் பஸ் ரோக்கன்கள். அவ்வளவுதான்.

கலியாணப் படம் இல்லை. அந்தோனியாரும் இல்லை. மடிப்புகளை இன்னொரு தரம் விரித்துப் பார்த்தாள். லைசென்ஸ் இல்லை.

நாள் முழுக்க வான் ஓடிப் பார்சல் கொடுக்கிற மனிதரின் பேர்ஸில் லைசென்ஸ் இல்லை. பஸ் ரோக்கன் இருக்கிறது.

குளியலறைக் கதவு திறந்தது.

"உது என்னப்பா புதுசு?" என்று கேட்டாள்.

"பேர்ஸ்."

"அது தெரியுது. பழசு எங்கை?"

"பாரமாக் கிடந்தது. மாத்திப்போட்டன்."

"இத்தினை வருசமாப் பாரமில்லை. இப்பதான் பாரமோ?"

யேசுரட்ணம் துவாயால் தலையைத் துடைத்தார். வேண்டியதற்கு மேல் நேரம் துடைத்தார். "இப்ப எல்லாரும் உப்பிடித்தான் வைக்கினம். மெல்லிசு, லேசு. தேவையானது மட்டும்."

"அப்ப எங்கட படம்?"

"பத்திரமா இருக்கு. நீர் ஏன் காலங்காத்தாலை உதுகளைத் துலாவுறீர்?"

அவள் கையிலிருந்து பேர்ஸை வாங்கி, போட்டிருந்த காற்சட்டையின் முன் பொக்கற்றில் வைத்தார். "இண்டைக்கும் ஓவர்டைம். பின்னேரம் வாறன்." கதவடியில் சப்பாத்துப் போடுவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகும் வேரோனிக்கா காற்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

தேவையானது மட்டும். அதில் தான் இல்லை என்பது அவளுக்குச் சுள்ளென்றது.

போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது நடந்த ஒன்றும் நினைவுக்கு வந்தது. கோவில் வாசலில் அன்ரனெற் யேசுரட்ணத்திடம் வந்து, "இப்ப எப்பிடி இருக்கு, அண்ணை?" என்று கேட்டாள். அன்ரனெற் மன்னார்ப் பெண். புருசனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக வந்து வோபர்ன் பக்கம் இருக்கிறவள். யேசுரட்ணம் பதில் சொல்வதற்கு முன் மனைவியை ஒருதரம் பார்த்தார். பிறகுதான், "பறவாயில்லை" என்றார்.

எது எப்படி இருக்கிறது? அன்றைக்குக் கேட்காமல் விட்ட கேள்வி இப்போது நெஞ்சில் முள்ளாக நின்றது.

ஷாமிலா எழும்பி வந்து கோப்பி போட்டாள். கொலிஜ் முதலாம் ஆண்டு. வார இறுதியில் கடையில் வேலை, இன்றைக்கு லீவு.

"கொப்பாவின்ரை புதுப் பேர்ஸைக் கண்டனியே?"

"ஸோ வாட், அம்மா? ஸ்லிம் வாலட். கடையிலை நிறைய ஆக்கள் வந்து கேக்கினம்."

"கொப்பாவும் கேக்கிற ஆளே?"

ஷாமிலா கோப்பியைக் கலக்கினாள். கலக்கி முடிந்த பிறகும் கரண்டியை எடுக்கவில்லை.

"என்ன, சொல்லு."

"நான் புதன்கிழமை அப்பாவைக் கண்டனான். பஸ்ஸிலை."

"அவர் வேலைநேரத்திலை ஏன் பஸ்ஸிலை போறார்?"

"ஐ டோன்ட் நோ. மார்க்கம் றோட்டிலை இறங்கினவர், அந்தப் பிளாசாவடியிலை. நான் பின்னுக்கு நிண்டனான், பஸ் நிறைய ஆக்கள்."

"கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட வெளிக்கிட்டனான். ஆனா அவர் ஆரும் காணக்கூடாது எண்ட மாதிரித் தலையைக் குனிஞ்சு கொண்டு நிண்டார். ஐ ஃபெல்ட் வியர்ட். அதுதான் உங்களுக்கும் சொல்லேல்லை."

வேரோனிக்கா ரெலிபோனை எடுத்தாள். கூரியர் கொம்பனியின் இலக்கம் ஃபிறிஜில் ஒட்டியிருந்தது. தான் வேலை செய்யும் தொழிற்சாலையின் பொதி கட்டும் பகுதியில் பழகிய ஆங்கிலத்தில், யேசுரட்ணத்தின் மனைவி பேசுகிறேன், அவர் வந்துவிட்டாரா என்று கேட்டாள்.

வந்துவிட்டாரே என்றது மறுமுனையில் ஒரு பெண்குரல். விடியவே வானை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். இந்த வாரம் முழுக்க ஒரு நாளும் பிந்தவில்லையாம். அவசரம் என்றால் றேடியோவில் கூப்பிடவா?

"நோ. தாங்க் யூ." ரெலிபோனை வைத்தாள். பக்கத்தில் நின்ற ஷாமிலாவிடம் திரும்பினாள். "விடியவே வானோடை போட்டாராம்."

சுவர் மணிக்கூட்டை இருவரும் பார்த்தார்கள். யேசுரட்ணம் வீட்டிலிருந்து வெளிக்கிட்டு இன்னும் அரைமணி ஆகவில்லை.

"அப்ப அவ பொய் சொல்லுறாவோ?" என்றாள் ஷாமிலா.

"அவ ஏன் எனக்குப் பொய் சொல்லவேணும்? வெளிக்கிடு. அந்தப் பிளாசாவுக்குப் போவம்."

"அம்மா, அப்பாவை ஸ்பை பண்ணுறதே?"

"நான் சாமான் வாங்கப் போறன். நீ வாறியோ இல்லையோ?"

பஸ்ஸில் தாயும் மகளும் யன்னலோரம் இருந்தார்கள். நனைந்த கண்ணாடிக்கு வெளியே லோரன்ஸ் வீதி வழுக்கிக்கொண்டு போனது. வேரோனிக்கா மனதுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தாள். பேர்ஸ் புதிது. படம் இல்லை. லைசென்ஸ் இல்லை. வான் போய்விட்டது, ஆனால் மனிதர் பஸ்ஸில் திரிகிறார். எப்படி அடுக்கினாலும் கடைசியில் கோவில் வாசலில் நின்ற அந்த மெலிந்த பெண்ணிடமே போய் முடிந்தது. அவள் வாங்கிக் கொடுத்த பேர்ஸாக இருக்குமோ? ஒரு பெண் ஆணுக்கு வாங்கிக் கொடுக்கிற சாமான்தான் அது.

பிளாசாவில் ஒரு சீலைக்கடை, வீடியோக் கடை, கொத்துரொட்டி போடுகிற சாப்பாட்டுக் கடை. வீடியோக் கடைக்குப் பக்கத்தில் மேல்மாடிக்குப் போகிற ஒடுங்கிய கதவு. சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு, கண்ணாடியோரம் இருந்தார்கள். தேத்தண்ணி ஆறிப் போனது. ஷாமிலா இரண்டு தரம் போவோம் என்றாள். வேரோனிக்கா அசையவில்லை.

அந்த ஒடுங்கிய கதவு திறந்தது. யேசுரட்ணம் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால், குளிருக்குப் போடுகிற மேற்சட்டை இல்லாமல், வீட்டுக்குள் நிற்கிறவளைப்போல மெல்லிய கம்பளிச் சட்டையோடு அன்ரனெற் ஓடி வந்தாள். கையில் அந்தக் கறுப்புப் பேர்ஸ்.

வேரோனிக்கா எழும்பி, பிளாசா முற்றத்துத் தண்ணீரை மிதித்துக்கொண்டு குறுக்கே நடந்தாள். கிட்டப் போனபோது அன்ரனெற்றின் குரல் கேட்டது.

"அண்ணை, உதை மேசையிலை விட்டிட்டு வந்திட்டியள்."

யேசுரட்ணம் மனைவியைக் கண்டார். முகம் வெளிறிப் போனது. அன்ரனெற்றும் திரும்பினாள். ஆனால் அவள் முகத்தில் பயம் இல்லை. பெரும் ஆறுதல்தான் தெரிந்தது.

"நல்லதாப் போச்சு அக்கா, நீங்களே வந்திட்டியள். உங்களையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி டொக்ரர் எத்தினை தரம் சொல்லிப்போட்டார். அண்ணைதான் சாட்டுச் சொல்லிக்கொண்டு திரியிறார்."

"எந்த டொக்ரர்?"

அன்ரனெற் கதவுக்கு உள்ளே, படியடியில் இருந்த பலகையைக் காட்டினாள். வைத்தியரின் பெயர். "நான் இஞ்சைதானே வேலை, அக்கா. முன்மேசையிலை." பிறகு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ விளங்கியதுபோலப் பேர்ஸை வேரோனிக்காவின் கையில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று படியேறினாள்.

சாப்பாட்டுக் கடையின் அதே மேசையில் மூன்று பேரும் இருந்தார்கள். யேசுரட்ணம் மெதுவாகத்தான் இருந்தார். இடுப்பில் கை வைத்து, வலது காலை நீட்டி, பிறகு இருந்தார். இதை எப்படி இத்தனை நாள் கவனிக்காமல் விட்டேன் என்று வேரோனிக்கா நினைத்தாள்.

"நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு துவங்கினது," என்றார். "இடுப்பிலையிருந்து கால்விரல்வரைக்கும் கறண்ட் அடிச்ச மாதிரி. பிறகு மரத்துப்போகும். ஓடியோடிக் களைச்சதெண்டு நினைச்சன்."

"எனக்குச் சொன்னால் என்ன?"

"சொன்னா வேலைக்கு விடமாட்டீர்."

தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றினார். "ஒரு காலமை, பள்ளிக்கூடத்தடி. பிள்ளையள் கடக்கினம். நான் பிறேக்கிலை கால் வைச்சிருக்கிறன் எண்டுதான் நினைச்சன். ஆனா கால் எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியேல்லை, வேரோ. பிறேக்கிலையோ காஸ் பெடலிலையோ தெரியேல்லை. வான் நிண்டிட்டுது. பிள்ளையளை றோட்டைக் கடக்க விடுற அந்தக் கிழவி பொனற்றிலை கையை வைச்சுக்கொண்டு என்னைப் பாத்தா. சும்மா பாத்தா."

ஷாமிலா தகப்பனின் கையைப் பிடித்தாள்.

"அதோடை நான் வான் ஓடேல்லை. இஞ்சை வந்தன். டொக்ரர் முதல் கேட்டது பின் பொக்கற்றிலை என்ன இருக்கெண்டு. எடுத்து மேசையிலை வைச்சன். அந்த மனுசன் சிரிச்சுப்போட்டார். நாள் முழுக்க உதுக்கு மேலை இருந்தால் நரம்பு நசியாமல் என்ன செய்யும், முதல் உதை மாத்து, மெல்லிசா ஒண்டு வாங்கி முன்னுக்கு வை, கொஞ்ச நாள் பாப்பம் எண்டார். எனக்கு வந்த சந்தோசம். ஒரு பேர்ஸாலைதானே எண்டு."

"இப்ப எப்பிடி இருக்கு?" கோவில் வாசலில் அன்ரனெற் கேட்ட அதே கேள்வியைத்தான் தானும் கேட்கிறோம் என்பது வேரோனிக்காவுக்குக் கேட்ட பிறகுதான் உறைத்தது.

"நோவு குறைஞ்சிருக்கு. மரப்புப் போகேல்லை. ஸ்கான் எடுக்கவேணுமாம். அதுவரைக்கும் ஓடக்கூடாதாம்."

வேரோனிக்கா மெல்லிய பேர்ஸை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது நினைத்ததெல்லாம் யாருக்கும் தெரியாது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. "வீட்டை வாங்கோ. சுடுதண்ணி ஒத்தடம் பிடிச்சுவிடுறன்."

அப்போதுதான் ஷாமிலா கேட்டாள்.

"அப்ப வானை ஆர் ஓடுறது, அப்பா?"

யேசுரட்ணம் மெல்லிய பேர்ஸை எடுத்து முன் பொக்கற்றில் வைத்தார்.

"அம்மா கோல் பண்ணினவ. நீங்கள் விடியவே வானோடை போட்டீங்கள் எண்டு சொன்னவை."

"அங்கை கோல் பண்ணினனீரோ?" யேசுரட்ணம் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார்.

"பழைய பேர்ஸ் எங்கை?" வேரோனிக்கா குரலை உயர்த்தவில்லை. "லைசென்ஸ் எங்கை?"

"மாக்கஸிட்டை."

கடைக்காரர் கொத்துரொட்டி தட்டத் தொடங்கினார். அந்தச் சத்தத்துக்குள் யேசுரட்ணம் குனிந்து குனிந்து சொன்னார். லீவு கேட்டால் அவருடைய பார்சல் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு திரும்பக் கிடைக்காது. மாக்கஸ் ஊரில் லொறி ஓடினவன். இங்கே லைசென்ஸுக்கு றோட் ரெஸ்ற் பாஸ் பண்ணவில்லை, அவ்வளவுதான். அண்ணன் தம்பி முகச்சாடை ஒன்று. பழைய பேர்ஸை அப்படியே கொடுத்தார், யாராவது மறித்தால் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும் என்று.

"அங்கை ஒருத்தருக்கும் தெரியேல்லையே?"

"இருட்டிலை, தொப்பியும் மஃப்ளருமா வாறவனை ஆர் உத்துப் பாக்கினம்? நாங்கள் எல்லாரும் அவைக்கு ஒரே மாதிரித்தான்."

"கொஞ்சமாவது யோசிச்சியளோ?"

"நீர்தானே சொன்னீர், அவன் சும்மா குந்திக்கொண்டு இருக்கிறான் எண்டு."

வேரோனிக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நான் சொன்னது உதையில்லை," என்றாள். "இண்டைக்குப் பின்னேரம் அவன் வந்தவுடனை அந்த லைசென்ஸ் உங்கட கைக்கு வரவேணும். திங்கக்கிழமை நானும் வாறன். ஒஃபிசிலை போய் வருத்தம் எண்டு சொல்லுவம். வேலை போனால் போகட்டும்."

"ஓம்," என்றார் யேசுரட்ணம். பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்ததுபோல இருந்தது அவர் குரல்.

வீட்டுக்கு வந்ததும் அவரைச் சோபாவில் படுக்க வைத்தாள். மாக்கஸின் போர்வையை மடித்துத் தலைக்குக் கொடுத்தாள். ஒத்தடத்துக்குத் தண்ணீர் கொதித்தது. யன்னலுக்கு வெளியே மழை இப்போது உறைமழையாகிவிட்டது; பல்கனிக் கம்பிகளில் கண்ணாடி பூசினதுபோல ஐஸ் பிடித்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு வேரோனிக்கா மாக்கஸை நினைத்தாள். அவன் வந்து சோபாவில் படுத்தபிறகு முதன்முறையாகக் கோபமில்லாமல் நினைத்தாள்.

ரெலிபோன் அடித்தது. ஷாமிலா எடுத்தாள். "ஹலோ" என்றவள், பிறகு "யேஸ்", "யேஸ்" என்று மட்டும் சொன்னாள். கடைசியில் ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"ஆஸ்பத்திரியிலையிருந்து. வான் ஐஸிலை வழுக்கி லைற் போஸ்ற்றிலை அடிபட்டிட்டுதாம். வேறை ஒருத்தருக்கும் காயமில்லையாம். டிரைவருக்கு நினைவில்லை. காலிலை ஒப்பரேசன் செய்யப் போகினமாம்." தாயைப் பார்த்தாள். "மிஸிஸ் யேசுரட்ணம் இருக்கிறாவோ எண்டு கேக்கினம்."

யேசுரட்ணம் எழும்ப முயன்றார். கால் ஒத்துழைக்கவில்லை.

"இன்னும் என்ன கேக்கினம்?" என்றாள் வேரோனிக்கா.

"அப்பாவுக்கு ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாதோ எண்டு. பெனிசிலின் குடுக்கலாமோ எண்டு."

வேரோனிக்கா கணவனைப் பார்த்தாள்.

"எனக்கு ஒத்துக்கொள்ளும்," என்றார் அவர். "அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. சின்னனிலை ஒருக்கா ஊசி போட்டு உடம்பெல்லாம் வீங்கிச் சாகக் கிடந்தவன்."

அவள் மகளின் கையிலிருந்து ரெலிபோனை வாங்கினாள். மறுமுனையில் ஒரு தாதியின் குரல், அவசரத்திலும் பணிவாக, நீங்கள் அவருடைய மனைவியா என்று கேட்டது. அந்தக் குரலுக்குப் பின்னால் யாரோ ஒரு ஆண் பேசிக்கொண்டிருந்தான். பொலிசும் அங்கே நிற்கிறது என்று தாதி சொன்னாள்.

தான் மனைவி இல்லை என்றால், அந்த மருந்தைக் கொடுக்கவேண்டாம் என்று யார் சொல்வது? அதை நினைக்க அவளுக்கு ஒரு கணம்தான் கிடைத்தது.

"யேஸ்," என்றாள். "ஐ ஆம் தி வைஃப். நோ பெனிசிலின். பிளீஸ் றைற் இற் டவுன். நோ பெனிசிலின். ஐ ஆம் கமிங்."

ரெலிபோனை வைத்துவிட்டு மேற்சட்டையை எடுத்தாள். ஷாமிலா ரக்ஸிக்கு இலக்கம் தேடினாள். யேசுரட்ணம் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கதவடிக்கு வந்து, சப்பாத்துக்குள் மரத்த காலைத் திணிக்கப் பார்த்தார்.

வேரோனிக்கா குனிந்து அந்தச் சப்பாத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"நீங்கள் வரேலாது," என்றாள். "ஆர் வந்து தட்டினாலும் கதவையும் திறக்கவேண்டாம். நீங்கள் இப்ப ஆஸ்பத்திரியிலை கிடக்கிறியள்."